ஈயத் தகடு போதாது

ஆசிரியருக்கு,

துவாக்குடி பகுதிப் பட்டறைகளில் வெல்டிங் இணைப்புகளைக் கதிர்வீச்சால் படமெடுத்துச் சோதிப்பவன் நான். ஃபிலிம் போய் டிஜிட்டல் டிடெக்டர் வந்தது நல்லதுதான். ஆனால் செலவைக் குறைக்க மருத்துவமனை எக்ஸ்ரே டிடெக்டர் பலகையைப் பழையதாக வாங்கி, இரிடியம்-192 என்ற காமா கதிர் மூலத்தின் முன்னால் வைக்கிறார்கள். சில மாதங்களில் படத்தின் குறுக்கே வெள்ளைப் பட்டை விழுகிறது.

பட்டை விழுந்தால் சென்சாரைத் திட்டுகிறார்கள். சென்சாரில் இருக்கும் அமார்ஃபஸ் சிலிக்கான் நன்றாகவே கதிர்வீச்சைத் தாங்கும். கெடுவது பெரும்பாலும் ஓரத்தில் இருந்து சென்சாரின் சிக்னலைப் படித்தெடுக்கும் ரீட்-அவுட் சிப். அதன் ஆக்சைடு படலத்தில் மின்னூட்டம் தேங்கித் தேங்கி, ஒருநாள் அந்தச் சிப் படிக்கும் பிக்சல் பத்திகளே செத்துவிடும். மருத்துவ எக்ஸ்ரே 150 கிலோவோல்ட்டைத் தாண்டாது. அதற்கேற்ற மெல்லிய ஈயம்தான் சிப்களின் மேல் இருக்கும். இரிடியம் கதிர்களில் பெரும்பகுதியின் ஆற்றல் அதைவிட அதிகம், 300 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டுக்கு மேல். அதைப் பாதியாக்கவே சுமார் 5 மி.மீ. ஈயம் வேண்டும்.

கதிர்க்கற்றையைக் குறுக்கும் கொலிமேட்டரை இணைப்பின் அளவுக்குக் குறுக்குங்கள். பலகையின் விளிம்பில் கூடுதல் ஈயப் பட்டை வையுங்கள். தரைக் கான்கிரீட்டில் பட்டுத் திரும்பும் கதிருக்காகப் பலகையின் பின்னாலும் ஒரு தகடு. கொலிமேட்டர் மாட்ட நேரமில்லை என்று மேஸ்திரி முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும். வாங்கும்போதே சிப் பகுதிக்கு எந்த ஆற்றல்வரை பாதுகாப்பு என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

வெல்டிங் சோதனையாளர்,
திருச்சி.