சரோஜாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சரோஜா,

நேற்று போனில் நீ அழுத அழுகையில், சொல்ல நினைத்ததில் பாதிகூட நான் சொல்லவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். படித்துவிட்டுப் பிரியாவிடமும் கொடு.

பிரியாவுக்கு 31 வாரத்தில் பிறந்த பிள்ளை, 1,350 கிராம். பயம் வரத்தான் செய்யும். ஆனால் மூச்சு சீராகிவிட்டது, டாக்டரே 'கங்காரு முறை'யில், தோலோடு தோல் பட, பிரியாவின் மார்பில் போட்டுக்கொள்ளச் சொல்கிறார் என்றாயே, அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதி வந்துவிட்டது. "பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிற பிள்ளையை எதற்கு வெளியே எடுக்கணும்?" என்று சம்பந்தியம்மா கேட்பது நியாயம்தான். நான் வார்டில் வேலை பார்த்த காலம் முழுக்கப் பாட்டிமார்கள் கேட்ட கேள்வி அது. அவரிடம் நிதானமாக எடுத்துச் சொல். குறைமாதப் பிள்ளைக்குத் தோலுக்கடியில் கொழுப்பு குறைவு, உடம்புச் சூடு சட்டென்று இறங்கிவிடும். இருக்கிற தெம்பெல்லாம் சூட்டைக் காப்பதற்கே போய்விட்டால் எடை எப்படி ஏறும்? அம்மாவின் தோலோடு ஒட்டிக் கிடந்தால் அந்தத் தெம்பு மிச்சம்.

1978-ல் கொலம்பியாவின் பொகோட்டா நகரத்தில், பிள்ளையைச் சூடாக வைக்கிற இன்குபேட்டர் பெட்டி போதாமல், ஒன்றிலேயே இரண்டு மூன்று பிள்ளைகளைப் போட்டுத் தொற்று பரவிக்கொண்டிருந்தபோது எட்கர் ரே என்ற டாக்டர் தொடங்கிவைத்த முறை இது. அதனாலேயே 'வசதியில்லாத இடத்துக்கான வைத்தியம்' என்று ரொம்ப நாள் பேசினார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடித்ததே இல்லை. 2021-ல் வெளியான ஆய்வு ஒன்றில் டெல்லி சஃப்தர்ஜங் ஆஸ்பத்திரியும் ஆப்பிரிக்காவின் நான்கு ஆஸ்பத்திரிகளும் சேர்ந்து, 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த 3,211 பிள்ளைகளைப் பார்த்தார்கள். உடம்பு தேறிய பிறகு மார்பில் போட்டவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 15.7 சதவீதம். பிறந்த கையோடு போட்டவர்களில் 12 சதவீதம். பலன் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்திவிட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் இப்போது தினமும் 8 மணி நேரத்துக்குக் குறையாமல், முடிந்தால் நாள் முழுக்கவே வைத்திருக்கச் சொல்கிறது.

பிரியா பயந்து பயந்து தொடுகிறாளாம். பிள்ளைக்குக் குல்லா, சாக்ஸ், டயப்பர் போதும். இரண்டு மார்புக்கும் நடுவில் நிமிர்த்தி வைத்து, கைகால் தவளை மாதிரி மடங்கி இருக்க, தலையை ஒரு பக்கம் திருப்பிவிட வேண்டும். மோவாய் நெஞ்சில் அழுந்தக் கூடாது, மூக்கு எப்போதும் கண்ணில் படணும். அதன்மேல் துணியை இறுக்கிக் கட்டிவிட்டுச் சாய்ந்து உட்காரலாம். முதலில் கொஞ்சம் நெளியும். அப்புறம் பார், முஷ்டியாக மூடியிருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்து அம்மாவின் தோலில் படியும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அது அலுத்ததில்லை.

பால் வரவில்லை என்று அவள் மனசை விட வேண்டாம். முதல் சில நாள் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அந்தச் சீம்பால் ஒரு சொட்டுகூட வீணாகக் கூடாது. இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை கையால் எடுக்கணும், ராத்திரியும் விடாமல். பால் சுரக்க வைக்கிற ஹார்மோன் ராத்திரியில்தான் அதிகம். பிள்ளையை மார்பில் வைத்திருந்துவிட்டு உடனே எடுத்துப் பார்க்கச் சொல், வித்தியாசம் தெரியும். உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றையும் சேர்த்துச் செய்ய கர்ப்பக் கணக்கில் 34 வாரம் வாக்கில்தான் பிள்ளைக்குக் கைவரும். அதுவரை டியூபிலும், பிறகு சங்கு மாதிரியான பாலாடையிலும் கொடுப்பார்கள். நடுவில், பால் எடுத்து முடித்த மார்பில் வாய் வைத்துச் சப்பப் பழக்கலாம். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன் சரோ, தேன், சர்க்கரைத் தண்ணீர், சேனை தொட்டு வைப்பது எதுவும் வேண்டாம். யார் கொண்டுவந்தாலும் நீ தடுத்துவிடு. குறைமாதக் குடலுக்குத் தாய்ப்பால்தான் காப்பு.

அவள் குளிக்கவும் தூங்கவும் போகும்போது மாப்பிள்ளை சட்டையைக் கழற்றிவிட்டுப் போட்டுக்கொள்ளட்டும். நீயும் போட்டுக்கொள்ளலாம். இருமல் சளி இருந்தால் மட்டும் கிட்டே போகாதே.

இங்கே எல்லாரும் சுகம். சின்னவனுக்குக் கோவைக்கு மாற்றல் ஆகிவிட்டது, வீடு வெறிச்சென்று இருக்கிறது. அதனால் ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் கிளம்பி வருகிறேன், ஒரு வாரம் உன்னோடு இருப்பேன். பிரியாவுக்கு முன்பக்கம் திறக்கிற மாதிரி இரண்டு நைட்டி தைக்கிறேன். அளவை இன்றைக்கே போனில் சொல்லிவிடு.

அன்புடன்,
லலிதா