ஜூனில் பனங்கன்று நடாதே

அன்புள்ள மக்கா,

ஸ்தோத்திரம். இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு மூட்டுவலி தேவலை. குசலமெல்லாம் அடுத்த கடிதத்தில்.

உங்கள் சபை வாலிபர் ஐக்கியம் ஜூனில் வரும் சுற்றுச்சூழல் ஞாயிறன்று பாலித்தீன் பையில் வளர்த்த பனங்கன்றுகளை வாங்கிக் குளத்துக்கரையில் நடப்போகிறது என்று எழுதியிருந்தாயே, வேண்டாம்லே. பாதிகூடத் தேறாது.

பனை மற்ற மரம் மாதிரி முளைப்பதில்லை. கொட்டையிலிருந்து முதலில் ஒரு தண்டு நேரே கீழே இறங்கும். கரு அதன் நுனியில்தான் மண்ணுக்குள் போகிறது. ஆழத்தில் கிழங்கு பிடித்து, வேர்விட்டு, பல மாதம் கழித்துத்தான் முதல் ஓலை வெளியே வரும். ஓரடிப் பையில் அந்தத் தண்டு அடியில் முட்டி வளைந்துவிடும், எடுத்து நடும்போது வேரும் முறியும். கிழங்கில் இருக்கிற சத்தில் கொஞ்சநாள் பச்சையாக நிற்கும், போட்டோவும் எடுத்துவிடுவீர்கள், பிறகு காயும். போதாததற்கு ஜூன் மாதம்! நம்ம தேரிக்காட்டுச் செம்மணலுக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதானே?

ஆவணி, புரட்டாசியில் தானாக விழுந்த பழத்தைப் பொறுக்குங்கள். ஒரு பழத்தில் பெரும்பாலும் மூன்று கொட்டை இருக்கும். சாக்கில் கட்டிப் போட்டு மறந்தால் உள்ளேயே முளைத்து, பிரிக்கும்போது முளை ஒடியும். அதனால் சீக்கிரம் விதைக்கவேண்டும். பத்தடிக்கு ஒரு குழி, அரையடிக்கு மேல் ஆழம், குழிக்கு இரண்டு கொட்டை. தண்ணீர் திறக்கிற மடைக்கும் உபரித் தண்ணீர் வழிகிற கலிங்குக்கும் பக்கத்தில் வேண்டாம், பழுதுபார்க்கத் தோண்டினால் போச்சு. கரை ஊராட்சியுடையதா நீர்வளத் துறையுடையதா என்று கேட்டு, எழுத்தில் அனுமதி வாங்கு.

பெரிய ஆபத்து ஆடு இல்லை, பொங்கல்! கிழங்குக்காக யாராவது தோண்டிவிடுவார்கள். ஊரில் முன்கூட்டியே சொல்லி, கிழங்குக்கென்று தனியே ஒரு பாத்தி போட்டுக் கொடுத்துவிடுங்கள்.

அந்தப் பாத்தியை வேதபாடத்துக்கும் வைத்துக்கொள். கார்த்திகையில் ஒரு கொட்டையைத் தோண்டி, தண்டு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பிள்ளைகளே அளக்கட்டும். கொட்டையைப் பிளந்து உள்ளே இருக்கிற தவுணை, அந்த வெள்ளைப் பஞ்சுப் பருப்பை, ஆளுக்குக் கொஞ்சம் கொடு. அறிவியல் படித்தால் விசுவாசம் போய்விடும் என்று நம்ம பெரியவர் மேடைக்கு மேடை சொல்லுகிறார். ஆனால் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பழைய கேவண்டிஷ் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் கதவில் செதுக்கியிருப்பது சங்கீதம் 111:2. கர்த்தருடைய செய்கைகளில் பிரியப்படுகிறவர்கள் அவற்றை ஆராய்வார்கள் என்கிற வசனம். அதைச் சொல்லிவிட்டு அளவுகோலைக் கையில் கொடு.

என்னை உண்மையாகவே வருத்துவது வேறு. “எப்படியும் பூமி எரிந்து அழியப்போகிறது, 2 பேதுரு 3:10 இருக்கிறதே, எதற்கு அண்ணே மரம்?” என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். கேலிக்காகக் கேட்கவில்லை மக்கா, அப்படித்தான் நம்புகிறார்கள். நாம்தான் ஆதியாகமம் 1:28-ஐ, பூமியைக் கீழ்ப்படுத்துங்கள் என்பதை, மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு, 2:15-ல் பண்படுத்தவும் காக்கவும் வைத்தார் என்பதை வேகமாகத் தாண்டிப்போகிறோம். சண்டைக்காக ஒரு பட்டணத்தைச் சுற்றி வளைத்து முற்றிக்கை போடும்போதுகூடக் கனிமரத்தை வெட்டக்கூடாது என்கிறது உபாகமம் 20:19. ஆணா பெண்ணா என்று தெரியவே பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் எடுக்கும் மரத்தை ஒரு பதினாறு வயசுப் பிள்ளை விதைத்தால், அதுவே அந்தக் கேள்விக்கு ஒரு பதில் என்று நினைக்கிறேன். நீ என்ன சொல்வாய்?

குருத்தோலை ஞாயிறுக்கும் சொல்லிவிடு. பனைக்கு வளரும் நுனி ஒன்றே ஒன்றுதான். மரத்துக்கு ஒரு குருத்தோலை எடுத்தால் தாங்கும், அந்த நுனிக்குருத்தையே வெட்டினால் மரம் செத்துவிடும். ஏறத் தெரிந்தவரையே கூப்பிடுங்கள்.

ஜூன் ஞாயிறை வீணாக்க வேண்டாம். அன்றைக்குக் கரையில் இருக்கிற பனைகளை எண்ணி நோட்டில் எழுதுங்கள். ஃப்ளெக்ஸ் போர்டுக்கு வைத்த காசைக் கடப்பாரைக்கு வையுங்கள். ஆராதனை முடிந்து காபியைக் காகிதக் கப்பில் இல்லாமல் டம்ளரில் கொடுக்கட்டும். கமிட்டியில் யாராவது முறைத்தால் சபைப் போதகர் ஐயரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. புரட்டாசிக்கு எத்தனை கொட்டை தேறும் என்று எழுது, இங்கிருந்தும் இரண்டு சாக்கு அனுப்பலாம்.

அன்புடன்,
ஜெபா