பெரு வணிக நிறுவனங்களின் கொள்முதலில் விவசாயிகளுக்கு நியாயம் கோரும் மனு

பெறுநர்:
மாண்புமிகு வேளாண்மைத் துறை அமைச்சர் அவர்கள்

பொருள்: கொள்முதல் முறைகேடுகளைத் தடுக்கச் சட்டமும் தனி அதிகார அமைப்பும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அமைச்சர் அவர்களுக்கு வணக்கம்.

காய்கறி, பழம், பால் ஆகியவற்றைப் பேரங்காடி நிறுவனங்களுக்கு வழங்கிவரும் சிறு விவசாயிகள் சார்பில் இம்மனுவைச் சமர்ப்பிக்கிறோம். விதை, உரம், தீவனம், டீசல், ஆள்கூலி என எல்லாச் செலவும் ஏறிக்கொண்டே போகிறது. விளைபொருளுக்கு விலை சொல்லும் நிலையில் மட்டும் நாங்கள் இல்லை. மழையாலும் சந்தை நிலவரத்தாலும் வரும் நட்டத்தை நாங்கள் குறை கூறவில்லை. சரக்கு எங்கள் கையைவிட்டுப் போன பிறகு எங்கள் தலையில் கட்டப்படும் நட்டத்தைப் பற்றியே முறையிடுகிறோம்.

விடியுமுன் பறித்து, தரம் பிரித்து, பெட்டிகளில் அடுக்கி அனுப்பிய தக்காளியை, அன்றைய விற்பனை மந்தம் என்பதற்காகவே கிடங்கு வாசலில் "தரம் போதாது" என்று திருப்பிவிடுகிறார்கள். வெயிலில் நின்ற வண்டி ஊர் திரும்புவதற்குள் அடிப்பெட்டிகள் நசுங்கி நீர்விடத் தொடங்கிவிடுகின்றன. பிறகு அதை எவரும் வாங்குவதில்லை. ஏற்றுக்கொண்ட சரக்குக்கும் பணம் வாரக்கணக்கில் நிலுவையில் நிற்கிறது. வரும்போதோ, நாங்கள் ஒப்புக்கொள்ளாத தள்ளுபடி விற்பனைப் பங்கு, கழிவு, சேதாரம் என்று பிடித்தம் போக மீதிதான் வருகிறது. பால் உற்பத்தியாளர் நிலை இன்னும் கடினம். விலை கட்டுப்படவில்லை என்பதற்காகக் கறவையை நிறுத்திவைக்க முடியாது; கறந்த பாலை வைத்திருக்கவும் முடியாது.

இவற்றைப் புகாராக எழுதிக் கொடுக்க எவரும் முன்வருவதில்லை. பெயர் தெரிந்தால் அடுத்த கொள்முதல் நின்றுவிடும் என்ற அச்சமே காரணம். எங்கள் பார்வையில், மற்ற எல்லாக் குறைகளும் தீராமல் கிடப்பதற்கு இந்த அச்சமே வேர்.

இதற்குத் தீர்வு கண்ட நாடுகள் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் பிறப்பித்த 2019/633ஆம் எண் நெறிமுறை, விரைவில் கெடும் பொருள்களுக்கு 30 நாட்களுக்குள் பணம் தரவேண்டும் என்கிறது; 30 நாட்களுக்குக் குறைவான அவகாசத்தில் கொள்முதலை ரத்து செய்வதைத் தடுக்கிறது; புகார் தருபவர் கேட்டுக்கொண்டால் அவருடைய அடையாளத்தைக் காக்கவும் சொல்கிறது. பிரிட்டன் 2013இல் சட்டம் இயற்றி, பெரிய மளிகைப் பேரங்காடிகளைக் கண்காணிக்கவென்றே ஒரு நடுவரை நியமித்தது. விதிமீறும் நிறுவனத்துக்கு, அந்நாட்டில் அதற்குள்ள விற்றுமுதலில் 1 விழுக்காடு வரை அவர் அபராதம் விதிக்கலாம். ஆயினும் அச்சட்டம் பேரங்காடிகளுக்கு நேரடியாக வழங்குவோரை மட்டுமே காக்கிறது. இடைத்தரகர் வழியாக விற்கும் விவசாயி அதில் விடுபட்டுப் போகிறார். இங்கு இயற்றப்படும் சட்டத்தில் அக்குறை நேரக்கூடாது.

ஆகவே, விலை, அளவு, தர அளவுகோல் ஆகியவற்றைக் குறிக்கும் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம், பணம் தருவதற்குக் கால வரம்பு, ஒப்பந்தத்தில் இல்லாத பிடித்தங்களுக்குத் தடை ஆகியவற்றைச் சட்டமாக்கி, புகார் தருபவரின் பெயரை வெளியிடாமல் தானே விசாரித்துத் தண்டம் விதிக்கவல்ல அமைப்பை ஏற்படுத்துமாறு வேண்டுகிறோம். நலிந்துள்ள பால், காய்கறித் துறைகளுக்குக் கடன் வட்டிச் சலுகையும் குளிர்பதனக் கிடங்குகளும் உடனடித் தேவை. எனினும் அரசு தரும் உதவியின் அளவுக்கு நிறுவனங்கள் கொள்முதல் விலையை இறக்கிவிட்டால், அரசின் பணம் நிறுவனங்களின் இலாபமாகவே போய்ச் சேரும். எனவே சட்டம், உதவி இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டுகிறோம்.

பேரங்காடிகள் வேண்டாம் என்பது எங்கள் நிலைப்பாடு அன்று. நிலையான கொள்முதல் எங்களுக்கும் தேவை. சட்ட வரைவு உருவாகும்போது எங்கள் பிரதிநிதிகளையும் அழைத்துக் கருத்துக் கேட்டு, அடுத்த சாகுபடிப் பருவத்துக்குள் ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சிறு விவசாயிகள் மற்றும் பால் உற்பத்தியாளர்கள்