விண்டோஸ் போட்டுக் கொண்டு வரச் சொன்ன கடைக்காரர்களுக்கு

மதுரையில் கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து விற்கும் அண்ணன்மார்களுக்கும், சர்வீஸ் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் தம்பிமார்களுக்கும் வணக்கம்.

எந்தக் கடை என்று இதில் எழுதப் போவதில்லை. என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாலு இடத்தில் ஏறி இறங்கிவிட்டேன், நாலு இடத்திலும் பதில் ஒன்றுதான்: வாரண்டி கிடையாது. அதனால் எல்லாருக்குமாகச் சேர்த்து ஒரே மடல்.

பின்கதை உங்களுக்கே தெரியும். டிவிக்குக் கீழே ஷோகேஸில் வைக்கிற சின்ன கேபினெட், கீபோர்டு வேண்டாம், ரிமோட் மாதிரி கையில் ஒரு கன்ட்ரோலர், சோபாவில் சாய்ந்துகொண்டு விளையாடலாம் என்று நீங்களே காட்டி விற்றதுதான். 58,000 ரூபாய். ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறவனுக்கு அது எத்தனை தீபாவளி போனஸ் என்று நான் சொல்லத் தேவையில்லை. வாங்கும்போது "லினக்ஸ் போட்டுக்கலாமா?" என்று கேட்டேன். விண்டோஸுக்குப் பதிலாகப் பெட்டியை இயக்குகிற இலவச ஆபரேட்டிங் சிஸ்டம், அதாவது ஓஎஸ், அது. "தாராளமா போட்டுக்கங்கண்ணே, உங்க பெட்டி" என்றார்கள். வீட்டுக்கு வந்து, கேம் விளையாடுவதற்கென்றே இருக்கும் பாஸைட் என்ற லினக்ஸைப் போட்டேன். எட்டு மாதம் ஒரு குறை இல்லை.

சித்திரைத் திருவிழா முடிந்து அழகர் மலைக்குத் திரும்பிய அடுத்த வாரம் அது. அந்த மே மாத வெயிலைப் பற்றி மதுரைக்காரர்களுக்கு எழுத வேண்டாம். அக்கா மகன் உசிலம்பட்டியிலிருந்து லீவுக்கு வந்திருந்தான். மதியம் இரண்டு மணி, கார் ரேஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். ஷோகேஸுக்குள்ளிருந்து மிக்ஸியில் கரண்டி மாட்டினாற்போல ஒரு சத்தம், அப்புறம் சத்தமே இல்லை, அப்புறம் டிவி கறுப்பு. "மாமா, கரண்டு போயிருச்சா?" என்றான். தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் ஒரு தடவை ஆன் ஆனது. சட்டென்று லாக், அதாவது பெட்டி தானே எழுதி வைக்கிற பதிவை, எடுத்துப் பார்த்தேன். சிப்பின் வெப்பம் 99 டிகிரி, உள்ளே இருக்கும் ஃபேனின் வேகம் பூஜ்யம். சாஃப்ட்வேர் கோளாறு இல்லை, ஃபேன் நின்றுபோய் பெட்டி வெந்திருக்கிறது என்று அந்த இரண்டு வரியைப் பார்த்தாலே தெரியும். போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டேன். மறுநாள் காலையில் பட்டனை அமுக்கினால் விளக்குகூட எரியவில்லை.

சரி, ஒரு வருட வாரண்டி இருக்கிறதே என்று பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். கவுண்டரில் இருந்த தம்பியோடு நடந்த பேச்சை அப்படியே தருகிறேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை.

"என்ன ஓஎஸ் இருக்குண்ணே?"

"லினக்ஸ்."

"அப்ப வாரண்டில வராதுண்ணே. விண்டோஸ் போட்டுக் கொண்டு வாங்க, பாக்கலாம்."

"தம்பி, பெட்டியே ஆன் ஆகலையே."

"அதான்ணே. விண்டோஸ் போட்டு, ஆன் பண்ணிக் கொண்டு வாங்க."

அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு மேலே இருக்கிறவர் சொல்லிக் கொடுத்ததைச் சொல்கிறார். ஆனால் மேலே இருக்கிறவரே, நீங்கள் ஒரு நிமிஷம் யோசியுங்கள். செத்துப்போன பெட்டியில் நான் எதை, எப்படி இன்ஸ்டால் செய்வது? ஆன் ஆகிற பெட்டி என்றால் நான் ஏன் உங்களிடம் வருகிறேன்?

அடுத்த கடையில் இன்னொரு மாதிரி. ஃபேனில் தூசி அடைத்திருக்கிறது, அதைச் சுத்தம் செய்யாமல் விட்டது என் தப்பாம், அதனால் வாரண்டி கிடையாதாம். நியாயம்தான், சுத்தம் செய்திருக்கலாம். ஆனால் கேபினெட்டைத் திறக்கும் ஸ்க்ரூவின் தலையில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதே, "கிழித்தால் வாரண்டி இல்லை" என்று? திறந்தால் ஸ்டிக்கர் போய்விடும், திறக்காவிட்டால் ஃபேன் போய்விடும். இரண்டில் எது போனாலும் வாரண்டி போய்விடும். இந்த ஸ்டிக்கரைக் கண்டுபிடித்தவர் நிச்சயம் வக்கீலாகத்தான் இருக்க வேண்டும்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. லினக்ஸ் போட்டிருந்தாலும் ஹார்டுவேருக்கு வாரண்டி உண்டு என்று பில்லில் ஒரு வரி எழுதிக் கொடுங்கள்.

லினக்ஸ் பெட்டியில் கேம் விளையாடுவது ஏதோ புதுப் பைத்தியக்காரத்தனம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். வால்வ் என்கிற அமெரிக்க நிறுவனம் 2015 நவம்பரில் இதே மாதிரி லினக்ஸ் ஓடும் பெட்டிகளை ஸ்டீம் மெஷின் என்ற பெயரில் பல கம்பெனிகளை வைத்துச் செய்து இறக்கியது. படுதோல்வி. கேம் எழுதுகிறவர்கள் லினக்ஸுக்கென்று தனியாக எழுதினால்தான் உண்டு என்ற நிலைமை, அவர்களில் பெரும்பாலோர் எழுதவில்லை, வாங்கினவனுக்கு விளையாடப் பாதி கேம்கூட இல்லை. 2018இல் ஸ்டீம் என்ற தங்கள் ஆன்லைன் கேம் கடையின் முகப்பிலிருந்து சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள். ஆனால் "லினக்ஸ் வைத்திருப்பவன் சரியில்லை" என்று சொல்லி எழுந்து போகவில்லை. எது உதைத்தது என்று பார்த்தார்கள். அதே வருடம் ஆகஸ்டில் புரோட்டான் என்ற சாஃப்ட்வேரைக் கொடுத்தார்கள். விண்டோஸுக்கு எழுதிய கேம் கேட்பதை எல்லாம் அங்கேயே லினக்ஸுக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுத்துவிடும், கேம் எழுதியவர் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. 2022இல் கையடக்க ஸ்டீம் டெக் அதை நம்பித்தான் வந்தது. 2025 நவம்பரில் அதே ஸ்டீம் மெஷின் பெயரில், டிவிக்குக் கீழே வைக்கிற பெட்டியை மறுபடியும் தைரியமாக அறிவித்தார்கள். பத்து வருடம் கழித்து. வேலொரண்ட் போலச் சில கேம்கள் லினக்ஸில் இன்னும் ஓடாதுதான், அதை நான் மறைக்கவில்லை, அக்கா மகன் அதற்காக என்னைத் திட்டுவதும் உண்டு.

அந்த ஸ்டீம் டெக்கை எப்படித் திறப்பது என்று அந்த நிறுவனமே வீடியோ போட்டது. ஃபேன் முதற்கொண்டு உதிரி பாகங்கள் ஐஃபிக்ஸிட் என்ற ரிப்பேர் சாமான் கம்பெனி வழியாக விற்பனைக்கு வந்தன. நாம் ஸ்டிக்கர் ஒட்டுகிறோம்.

சூடு விஷயமும் புதுசு இல்லை. 2005இல் வந்த எக்ஸ்பாக்ஸ் 360இல் மூன்று சிவப்பு விளக்கு எரிந்து மெஷின் மெஷினாகச் செத்தது உங்களில் சீனியர்களுக்கு ஞாபகம் இருக்கும். சூடாகி ஆறி, சூடாகி ஆறி, சிப்பின் இணைப்புகள் விட்டுப் போயின. 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் அந்தக் கோளாறுக்கு மட்டும் வாரண்டியை மூன்று வருடமாக நீட்டியது. 100 கோடி டாலருக்கு மேல் செலவு. பெட்டிக்குள் காற்று போகாமல் சிப் வெந்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகத்திலேயே விலை உயர்ந்த பாடம் அதுதான். நமக்கு அது இலவசமாகக் கிடைத்தது. ஆனாலும் நாற்பது டிகிரி ஊரில், மூன்று பக்கமும் அடைத்த கேபினெட்டில் சுண்டுவிரல் அளவு ஃபேனைப் போட்டு, "ஷோகேஸ்ல வைங்கண்ணே, அழகா இருக்கும்" என்று விற்கிறீர்கள். கேட்டால் லோ வோல்டேஜ் என்கிறீர்கள். யூபிஎஸ் வாங்கச் சொன்னீர்கள், வாங்கினேன். ஸ்டெபிலைசர் வாங்கச் சொன்னீர்கள், அதையும் வாங்கினேன். இன்னும் வீட்டுக்கு ஒரு சப்ஸ்டேஷன்தான் வாங்கவில்லை.

வாயைத் திறந்தது திறந்துவிட்டேன், இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடைகளில் அசெம்பிள் செய்து வெளியே போகிற பெட்டிகளில் எத்தனையில் காசு கொடுத்து வாங்கிய விண்டோஸ் இருக்கிறது? பென்டிரைவை மாட்டி, ஏதோ ஒரு ஆக்டிவேட்டரை ஓட்டி, "ஒரிஜினல் மாதிரியேதான்ணே" என்று கொடுக்கிறீர்களே, அதற்கு வாரண்டி உண்டு. யாருக்கும் ஒரு ரூபாய் பாக்கி வைக்காமல், முறையாக இறக்கிப் போட்ட லினக்ஸுக்கு வாரண்டி கிடையாது. திருட்டு மாடு பால் கறந்தால் பரவாயில்லை, வளர்த்த மாடு சாணி போட்டால் குற்றமா?

லினக்ஸ் என்றால் ஏதோ வைரஸ் மாதிரிப் பார்ப்பதும் எனக்குப் புரியவில்லை. தமிழ்நாட்டு அரசு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த லேப்டாப்பிலேயே பாஸ் லினக்ஸ் வந்ததே, நம் மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கியது. அதை அழித்துக் கொடுத்து நூறு, இருநூறு வாங்கியது யார் என்று கேட்டால் சண்டை வரும், விடுங்கள்.

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், மன்னிக்கவும். உங்களில் நல்லவர்கள் இருக்கிறார்கள். மூன்றாவது கடையில் ஒரு பெரியவர், வாரண்டி தர முடியாது என்று சொன்ன கையோடு டீ வாங்கிக் கொடுத்து, "ஃபேன் மட்டும் கிடைச்சா நானே மாட்டித் தந்துருவேன் தம்பி, சென்னையில இருந்து வரணும், எப்ப வரும்னு எனக்கே தெரியாது" என்றார். 58,000 ரூபாய்ப் பெட்டிக்கு ஒரு சின்ன ஃபேன் மதுரையில் கிடைக்காது என்பதைவிட, அதை உண்மையாகச் சொன்ன ஒரே ஆள் அவர்தான் என்பது எனக்குப் பெரிதாகப் பட்டது.

வழி இருக்கிறது என்று எனக்கும் தெரியும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 இருக்கிறது, மாவட்ட ஆணையம் இருக்கிறது, கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணம்கூட இல்லை. ஒரு ஃபேனுக்காக வாய்தா வாங்கி அலைய எனக்கும் ஆசை இல்லை, உங்களுக்கும் இருக்காது.

ஆகவே மறுபடியும் அதையே கேட்கிறேன். விற்கிற பெட்டியின் பில்லில், எந்த ஓஎஸ் போட்டாலும் ஹார்டுவேர் வாரண்டி செல்லும் என்று ஒரு வரி. முடிந்தால் அந்த ஸ்க்ரூ ஸ்டிக்கரை எடுத்துவிடுங்கள், மாதம் ஒரு தடவை நாங்களே பிரஷ் வைத்துத் தட்டிக்கொள்கிறோம். ஃபேனும், பெட்டிக்குக் கரண்டு கொடுக்கிற எஸ்எம்பிஎஸ்ஸும் கடையில் ரெண்டு ரெண்டு ஸ்டாக் வைத்தால் இன்னும் புண்ணியம்.

வெள்ளிக்கிழமை எங்கள் ஜவுளிக் கடை லீவு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபடி வருகிறேன், முதலில் விற்ற கடைக்கே. பழைய பில்லும் கையில் இருக்கும், அந்த ஒரு வரி எழுத அடியில் இடம் இருக்கிறது, பேனாவையும் நானே கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
அதே லினக்ஸ்காரன்