முதலில் கயிறு

அன்புள்ள செல்வம்,

பொங்கலுக்கு முன் வந்த உன் கடிதத்துக்கு இப்போதுதான் பதில். கோபித்துக்கொள்ளாதே. இங்கே எல்லாரும் சுகம். அத்தைக்குக் கண்புரை எடுத்தாயிற்று, பேப்பர் படிக்கிறார்.

பழைய உறைக்கிணற்றில் தூர் எடுக்கப் போவதாக எழுதியிருந்தாய். சரி. ஆனால், "கீழே யாருக்காவது ஒண்ணுன்னா நான் இருக்கேன்ல" என்று முடித்திருக்கிறாயே, அந்த வரிதான் தூங்கவிடவில்லை. கண்மாயில் ஆட்டுக்குட்டிக்குக் குதித்தவன் அல்லவா நீ!

வெளிக்காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். 19.5-க்குக் கீழே போனாலே ஆளை இறக்கக் கூடாது. மூடிக்கிடந்த கிணற்றில் இலைதழை மக்கி ஆக்சிஜன் குறையும், கரியமில வாயு கனத்தால் அடியில் தேங்கும். ஆக்சிஜன் 10-க்குக் கீழே போனால் கத்துவதற்குள் நினைவு தப்பிவிடலாம். ஒருவன் விழுவான், தூக்க இறங்குபவன் அவன்மேல் விழுவான், அப்புறம் அவன் தம்பி. இப்படி அடைபட்ட இடங்களில் செத்தவர்களில் 60 சதவீதத்துக்கு மேல் காப்பாற்றப் போனவர்கள் என்று அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1986-லேயே எச்சரித்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கினாலும், முகத்தில் ஈரத்துண்டு கட்டினாலும் பலன் இல்லை. ஆளைத் தூக்கும்போது மூச்சு தானாக இழுக்கும்.

விளக்கை இறக்கிப் பார்ப்பார்கள். அணைந்தால் யாரும் இறங்காதீர்கள். எரிந்தாலும் நம்பாதே. எஞ்சின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, அது விளக்கை அணைக்கவும் செய்யாது. டீசல் எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கி நீர் இறைப்பது கொலைக்குச் சமம். செப்டிக் டேங்கில் விளக்குப் பரிசோதனையே கூடாது, மீத்தேன் வெடிக்கும்.

உன் கிணறு 5 அடி விட்டம், 40 அடி ஆழம் என்றால் உள்ளே சுமார் 785 கன அடி காற்று. நிமிடத்துக்கு 500 கன அடி தள்ளும் புளோயரின் குழாயை அடிவரை விட்டு, கால் மணி நேரம் ஓட்டினால் ஒன்பது தடவை மாறும். ஆள் உள்ளே இருக்கும்வரை நிறுத்தாதே. நாலு வாயுவைக் காட்டும் மீட்டர் வாடகைக்குக் கிடைத்தால் கயிற்றில் கட்டி மேல், நடு, அடி மூன்று இடத்திலும் பார்.

எல்லாவற்றையும்விடக் கயிறுதான் முக்கியம். இறங்குபவன் முதல் படியில் கால் வைக்கும் முன்பே தோளையும் தொடையையும் சேர்த்துப் பிடிக்கும் உடல் கச்சை மாட்டி, கப்பி வழியாகக் கயிறு மேலே மூன்று பேர் கையில் இருக்க வேண்டும். இடுப்பில் மட்டும் கட்டினால் மயங்கியவன் மடிந்து தொங்குவான், உறையில் சிக்குவான். மயங்கினால் மேலிருந்தே இழு. கயிறு இல்லாமல் விழுந்துவிட்டானா? புளோயரை ஓட்டிக்கொண்டே 112-க்கு அடி. மூச்சுக் கருவியோடு வரும் தீயணைப்பு வீரர்தான் இறங்கலாம். நீ இறங்கக் கூடாது, உன் பையன் அலறினாலும்.

தேதியை எழுது. அதற்கு முன் கச்சையும் கப்பியும் அனுப்பி வைக்கிறேன். சின்ன மாமாவிடமும் இதை வாசித்துக் காட்டு. அவரும் குதிக்கிற ஆள்தான்.

அன்புடன்,
ராசு