அணை நீர்மட்ட அட்டவணையைப் படமாக ஒட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் சிவகாசியில் 26 ஆண்டுகளாக டி.டி.பி. (கணினியில் அச்சுப் பக்கம் கட்டும்) வேலை பார்க்கிறேன். காலண்டர், டைரி, பில் புக், கல்யாணப் பத்திரிகை என்று எல்லா வேலையும் செய்திருக்கிறேன். உங்கள் நாளிதழை அப்பா காலத்திலிருந்து வாங்குகிறோம். இதுவரை கடிதம் எழுதியதில்லை. இப்போது எழுதுவது, நீங்கள் தினமும் போடும் அணைகளின் நீர்மட்ட அட்டவணை பற்றி.

என் அக்காவைச் சோழவந்தானில் கொடுத்திருக்கிறோம். அத்தான் நெல் போடுகிறவர். காலையில் பேப்பரை விரித்தால் அவர் கண் முதலில் போவது அந்தக் கட்டத்துக்குத்தான். போன வாரம் நான் அங்கே இருந்தபோது பேப்பரை என்னிடம் நீட்டி, "வைகையில 66ஆ, 68ஆ? பார்த்துச் சொல்லு" என்றார். எனக்கும் தெரியவில்லை. வைகை அணையின் முழு உயரம் 71 அடி. 66 அடி வந்தால் கரையோர ஊர்களுக்கு முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. ஆற்றோரம் மோட்டார் வைத்திருப்பவருக்கு 66க்கும் 68க்கும் நடுவே பெரிய வித்தியாசம் இருக்கிறது. அத்தான் கடைசியில் யாருக்கோ போன் போட்டுக் கேட்டுக்கொண்டார்.

பிளேட், அதாவது அச்சுத் தகடு, பார்க்கும் லென்ஸ் எப்போதும் என் பையில் இருக்கும். எடுத்து வைத்துப் பார்த்தேன். பக்கத்திலேயே இருந்த செய்தியின் எழுத்துகள் சுத்தமான கருப்பு, ஓரம் வெட்டினாற்போல இருந்தது. அட்டவணைக்குள் மட்டும் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பக்கம் நீல நிழல், மறுபக்கம் ரோஸ் நிழல். 6, 8 இரண்டின் வயிறும் அடைபட்டுப் போயிருந்தது. பிரஸ்ஸில் வேலை செய்கிற யாருக்கும் இது பார்த்தவுடன் புரியும். யாரோ எக்செலில் இருந்த கட்டத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஜேபெக் படமாகப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார்கள்.

அப்படி ஒட்டினால் என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் பக்கம் கட்டும் புதுப் பிள்ளைகள் பலருக்கு இதை யாரும் சொல்லித் தருவதில்லை. எழுத்தாக அடித்த எண், கருப்பு பிளேட்டில் மட்டும் விழும். படமாக வந்த எண்ணின் கருப்பு, நீலம், ரோஸ், மஞ்சள், கருப்பு என்று நான்கு நிறமாகப் பிரிந்து நான்கு பிளேட்டிலும் விழும். ஓடுகிற மிஷினில் ரிஜிஸ்டர் (நான்கு நிறமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காருவது) ஒரு மயிரிழை விலகினாலும் ஒரே எண் நான்கு முறை தள்ளித் தள்ளி அச்சாகும். பெரிய தலைப்பு என்றால் கண்ணுக்குத் தெரியாது. ஏழு பாயிண்ட் அளவுள்ள பொடி எண் என்றால் அதோடு முடிந்தது. இது போதாதென்று ஜேபெக், படத்தை எட்டுக்கு எட்டு புள்ளிகள் கொண்ட சின்னச் சின்னச் சதுரங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. முகம், வானம், புடவை இவற்றுக்கு அந்தச் சுருக்கம் சரி. எழுத்தின் கூர்மையான ஓரத்தில் அழுக்கு ஒட்டியதுபோல் புள்ளிகள் சிதறிவிடும்.

புள்ளிகளாக இல்லாமல் கோடுகளாக வரையும் வெக்டார் முறை வேறு. அதில் கோடு என்றால் "இங்கே தொடங்கி இங்கே முடி, இத்தனை பாயிண்ட் தடிமன்" என்ற கணக்கு மட்டும்தான் இருக்கும். பிளேட் எடுக்கும் கருவி அந்தக் கணக்கைத் தன்னால் முடிந்த அளவு நுணுக்கமாக வரைந்துகொள்ளும். விசிட்டிங் கார்டில் போட்ட லோகோவையே பஸ் மறைக்கும் பேனருக்கும் பெரிதாக்கலாம், ஓரம் கெடாது. பக்கத்தை அச்சுக் கருவிக்கு விவரிக்கும் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழி வந்த 1984 முதல் இருக்கும் வசதி இது. 1993இல் வந்த பிடிஎஃப்பும் அதே வழியில் எழுத்தை எழுத்தாகவும் கோட்டைக் கோடாகவும் சுமந்து வருகிறது. நாம்தான் அதற்குள் ஸ்கிரீன்ஷாட்டைத் திணித்து அந்தச் சிறப்பைப் பாழாக்குகிறோம்.

நானும் இந்தத் தப்பைச் செய்தவள்தான். சில வருஷங்களுக்கு முன், ஆடிப்பெருக்குக்குப் பிறகு காலண்டர் ஆர்டர்கள் குவிந்த நேரம். ஒரு மளிகைக் கடைக்காரர் மாதக் காலண்டரின் பின்பக்கத்தில் போட, அவர் ஊர் பஸ் நேரங்களை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினார். திரும்ப அடிக்க நேரமில்லை என்று அப்படியே ஒட்டினேன். 2,000 காலண்டர் போனது. காலை 5.35 பஸ் பார்ப்பவர்களுக்கு 5.55 என்று தெரிந்திருக்கிறது. மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய ஒரு பாட்டி வெறும் ஸ்டாண்டில் நின்றதாகக் கடைக்காரர் தை மாதம் வந்து சொன்னார். அவர் சத்தம்கூடப் போடவில்லை. அன்றிலிருந்து யார் எந்தக் கட்டத்தைப் படமாக அனுப்பினாலும் உட்கார்ந்து திரும்ப அடிக்கிறேன், அடித்ததை இன்னொருவரை வாசிக்கச் சொல்லிச் சரிபார்க்கிறேன்.

அப்புறம் பெட்டிச் செய்திகள். உங்கள் ஞாயிறு மலரில் பெட்டி ஓரிடத்தில் இருக்க, அதைக் குறிப்பிடும் வரி அடுத்த பக்கத்தில் கிடப்பதை அடிக்கடி பார்க்கிறேன். பெட்டியைத் தனியாக மிதக்கவிட்டால் அப்படித்தான் ஆகும். மேலே இரண்டு வரி சேர்த்தால் மேட்டர் நகரும், பெட்டி நகராது. பக்கம் கட்டும் மென்பொருளான இன்டிசைனில் பெட்டியை அந்த வரியோடு ஆங்கர் போட்டுக் கட்டிவிட்டால், வரி போகும் இடத்துக்குப் பெட்டியும் போகும்.

தமிழுக்கென்று ஒரு தொல்லையும் உண்டு. குறுகலான கட்டத்துக்குள் "நீர்வரத்து", "வெளியேற்றம்" போன்ற சொற்கள் அடங்கவில்லை என்றால் எழுத்தை 65 சதவீதத்துக்கு நசுக்குகிறார்கள். பழைய எழுத்துருக்களில் இன்னும் மோசம். கொம்பு தனி, எழுத்து தனி, கால் தனி என்பதால் 'ெ' ஒரு வரியில் நின்று 'வ' அடுத்த வரிக்கு ஓடிவிடும். யூனிகோடில் அடித்தால் கொம்பும் எழுத்தும் பிரியாது. நசுக்குவதற்குப் பதில் தலைப்பை இரண்டு வரியாக மடிக்கலாம், "வரத்து", "திறப்பு" என்று சின்னச் சொல்லாகவும் போடலாம். விவசாயிகள் பேசுவதும் அந்தச் சொற்களைத்தான்.

எங்கள் தெருவில் பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். உங்கள் இணையப் பதிப்பைக் கணினி வாசிக்கக் கேட்டுத்தான் செய்தி தெரிந்துகொள்கிறார். கட்டம் வரும் இடத்தில் 'கிராஃபிக்' என்ற ஒற்றைச் சொல்லோடு அது தாண்டிப் போகிறது. பொதுத்தேர்வுத் தேதிகள், ரயில் நேரங்கள், ரேஷன் கடை விவரம் எதுவும் அவருக்குக் கிடைப்பதில்லை. அச்சில் மங்கலாக இருந்தாலும் நாம் கண்ணைச் சுருக்கி ஊகித்துக்கொள்கிறோம். அவருக்கு அந்த வழியும் இல்லை.

இரவு பதிப்பு முடிக்கும் அவசரம் எனக்குத் தெரியும். பிளேட் போகும் நேரத்தில் அணை விவரம் வந்து சேரும். அதற்குத்தான் கட்டத்தை ஒரே ஒரு முறை பக்கத்துக்குள்ளேயே அட்டவணையாகப் போட்டு வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். அணைப் பெயரும் முழு உயரமும் மாறப் போவதில்லை. மேட்டூர் 120, வைகை 71, பாபநாசம் 143, மணிமுத்தாறு 118. முல்லைப் பெரியாற்றில் அனுமதித்த அளவு 142. தினமும் மாறுவது அன்றைய மட்டம், வரத்து, திறப்பு மட்டும்தான். ஐந்து நிமிட வேலை.

உங்கள் அட்டவணையை நானே புதிதாக அமைத்து, இன்டிசைன் கோப்பாக இந்தக் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறேன். எழுத்தும் கோடும் கருப்பு பிளேட்டில் மட்டும் விழும். கோடுகளை அரை பாயிண்டில் வைத்திருக்கிறேன். ஹேர்லைன் என்ற மிக மெல்லிய கோடாக விட்டால் பிளேட்டில் காணாமல் போகும். புள்ளிக்குப் பின்வரும் எண்கள் ஒன்றன்கீழ் ஒன்று நிற்கும்படி டேப் போட்டிருக்கிறேன். எழுத்துருவை உங்களுடையதாக மாற்றிக்கொள்ளுங்கள். பக்கம் கட்டும் பிள்ளைகளுக்கு ஏதாவது சந்தேகம் என்றால், கடித உறையில் என் தொலைபேசி எண் இருக்கிறது. இரவு 11 மணி வரை கடையில்தான் இருப்பேன்.

தங்கள் வாசகி,
சிவகாசி