பட்டர்வொர்த்தில் ரயிலேறிப் போன மகளுக்கு

அன்பு மகள் கவிதாவுக்கு அப்பா எழுதுவது.

"வந்து சேர்ந்துட்டேன்ப்பா, லேப்டாப்பில் சார்ஜே இல்லை" என்று கோலாலம்பூரிலிருந்து ஒரு வரி அனுப்பினாய். அதற்கப்புறம் 10 நாளாக ஒன்றுமில்லை. வேலை இருக்கும், சரி. அதைக் கேட்க இதை எழுதவில்லை. லேப்டாப்பைப் பற்றித்தான்.

அன்று பட்டர்வொர்த் ஸ்டேஷன் படியில் உன் பையை நான்தானே தூக்கி வந்தேன். விலாவில் சுட்டது. உள்ளே விசிறி ஓடுகிற சத்தம் வேறு.

மூடியைச் சாத்தினால் அது அணைவதில்லை பாப்பா, ஸ்லீப்பில் இருக்கும். திறந்து வைத்த வேலையெல்லாம் மெமரியில் நிற்க, பேட்டரி கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டே இருக்கும். இப்போது வரும் விண்டோஸ் லேப்டாப் பலவற்றில் ஸ்லீப்பிலும் வைஃபை அறுவதில்லை. மெயில் வாங்கும், அப்டேட்டுக்கு விழிக்கும். காற்றில்லாத பைக்குள் விழித்தால் சுடாமல் என்ன செய்யும்? ஹைபர்நேட் கொடுத்தால் மெமரியில் உள்ளதை டிஸ்கில் எழுதிவிட்டு முழுதாக அணைந்துவிடும். திறக்கும்போது சில நொடி கூடப் பிடிக்கும், அவ்வளவுதான். விட்ட இடத்தில் எல்லாம் அப்படியே இருக்கும்.

கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போ. மூடியைச் சாத்தினால் என்ன செய்ய வேண்டும் என்று இடது பக்கம் ஒரு வரி இருக்கும். அதில் பேட்டரி என்ற பத்தியில் ஹைபர்நேட் வைத்து சேவ் பண்ணு. நீ விட்டுப்போன பழைய லேப்டாப்பில் நானே செய்து பார்த்தேன். இரவு 38 விழுக்காடு, காலையில் திறந்தாலும் 38.

பாயான் லெப்பாஸில் 26 வருஷம் சர்க்யூட் போர்டு பார்த்தவன் நான். என் மகள் கம்ப்யூட்டரிலேயே பெரிய வேலை பார்க்கிறாள் என்று மார்க்கெட்டில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இவ்வளவு படித்தவளுக்கு மூடியைச் சாத்தினால் போதாது என்று தெரிய வேண்டாமா? பையில் வைக்கும் முன் ஹைபர்நேட், மறக்காதே.

தைப்பூசத்துக்கு வந்த மூன்று இரவும் உன் கதவடியில் வெளிச்சம் இருந்தது. தண்ணீர்மலை ஏறிவிட்டு வந்த அன்றுகூட. வேலை என்றாய். கீபோர்டு சத்தமே கேட்கவில்லையே பாப்பா. இரண்டாம் இரவு தண்ணீர் குடிக்க எழுந்தவன் கதவு வரை வந்து நின்றேன். தட்டவில்லை.

போன தீபாவளியில் நீ அந்த விஷயத்தை ஆரம்பித்ததும், வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று எழுந்து போனேன். யாரும் கூப்பிடவில்லை. உனக்கும் தெரியும். உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும், எனக்குத் தைரியம் வரவில்லை. தப்பு என்னுடையதுதான். அதிலிருந்து நீ எதையும் சொல்வதில்லை.

செட்டிங்கை இன்றைக்கே மாற்று. பேட்டரி பத்தியில்தான், நினைவிருக்கட்டும். மாற்றிவிட்டுப் போன் பண்ணு. அம்மா பத்து மணிக்கெல்லாம் படுத்துவிடுவாள். அதற்கு மேல் எந்நேரம் கூப்பிட்டாலும் நான் எடுப்பேன்.

அப்பா